இரண்டு குண்டு, ஒரு ஜக்கெற்

டொரோண்டோவில் தை மாதத்தில் ஜக்கெற் போடாமல் திரிகிற கள்ளன் எவனையாவது கண்டிருக்கிறீர்களா? நான் காணவில்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் மட்டும் கள்ளர் எல்லாரும் வெறும் மேலோடு நிற்பார்கள்.

வங்கிக் காசு ஏற்றி இறக்கும் காவலாளிகள் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருப்பார்கள். அதற்கு எந்தக் குண்டு நல்லது என்று சோதித்துச் சொல்லும் இடத்தில் எனக்கு வேலை, பக்கத்து மார்க்கம் நகரில். ஜெலற்றினைக் காய்ச்சி, மனிதத் தசையின் பதத்துக்குக் கட்டியாக உறையவைப்பது என் பொறுப்பு. அந்தக் கட்டிகள்தான் எங்கள் கள்ளர். சுட்டபிறகு குண்டு எவ்வளவு ஆழம் போனது, அதன் குழிந்த மூக்கு விரிந்ததா என்று அளப்பதும் நான்தான். மூக்கு விரிந்தால் குண்டு உள்ளேயே நின்றுவிடும். விரியாவிட்டால் மறுபக்கத்தால் வெளியேறி, பின்னால் நிற்கிற ஆளையும் பிடிக்கும்.

அந்த மாரிக் குளிரில் ஒரு காவல் கொம்பனி, விலை கூடியதும் மலிந்ததுமாக இரண்டு வகைக் குண்டுகளை அனுப்பி ஒப்பிடச் சொன்னது. வெறும் கட்டியில் இரண்டும் ஒழுங்காக விரிந்தன. ஜீன்ஸ் துணி போர்த்திச் சுட்டபோதும் விரிந்தன. எங்கள் மேலாளர் யாழ்ப்பாணத்து மனிசன். மலிந்ததே போதும் என்று எழுதி முடிக்கப் பார்த்தார். கட்டிக்கு வின்ரர் ஜக்கெற் போட்டும் ஒருக்கால் சுடுவோம் என்றேன்.

"தங்கச்சி, கேட்டதுக்கு மறுமொழி குடுத்தால் காணும். கேக்காததுக்கு ஏன் வாய் குடுக்கிறியள்?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அன்று பின்னேரமே மோர்னிங்சைட்டில் இருக்கும் அம்மாவிடம் போனேன்.

அம்மாவிடம் வாத்திறகு அடைத்த பழைய ஜக்கெற் ஒன்று இருக்கிறது. கனடாவுக்கு வந்திறங்கிய எங்கள் சொந்தக்காரர் அத்தனை பேரும் முதல் மாரியை அதற்குள்தான் கழித்தார்கள். தனக்கென்று ஒன்று வாங்கியதும், தோய்த்து அம்மாவிடம் திருப்பித் தந்துவிட வேண்டும். அதுதான் முறை. அதைச் சுடப்போகிறேன் என்றதும் அம்மா ஏசத் தொடங்கினார். உனக்கென்ன விசரோ, அடுத்து வாற பிள்ளை எதைப் போடும் என்றார். உந்தச் சுடுற வேலையை விட்டுத் துலை என்ற பழைய பாட்டும் வந்தது. நான் எழும்பவில்லை. எதற்கென்று விளக்கினேன். அம்மா இடுப்பைப் பிடித்தபடி நொண்டிப் போய், ஜக்கெற்றைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

ஊரில், பேக்கரியில் பாண் வாங்க நின்ற வரிசையில், யாரோ ஒருவரைச் சுட்ட குண்டு அவரைத் துளைத்து வந்து அம்மாவின் இடுப்பில் ஏறியது. அந்த மனிதரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

அடுத்த நாள் ஜக்கெற்றைக் கட்டிக்கு முன்னால் தொங்கவிட்டேன். விலை கூடிய குண்டு அதைத் தாண்டி, விரிந்து, கட்டிக்குள் நின்றது. மலிந்தது மூக்குக் குழி நிறைய இறகை அடைத்துக்கொண்டு, விரியாமல் கட்டியைத் துளைத்து, பின்னால் வைத்த இரண்டாம் கட்டிக்குள்ளும் போயிருந்தது.

மேலாளர் குனிந்து குனிந்து பார்த்தார். பிறகு, இதை அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்றார். கொம்பனிக்காரர் மலிந்ததை ஏற்கெனவே வாங்கிக் குவித்துவிட்டார்களாம். அவர்கள் கோபித்துக்கொண்டு போனால் என் வேலைக்கும் உத்தரவாதமில்லையாம். பின்னால் நின்றது வெறும் ஜெலற்றின்தானே என்று சிரிக்கவும் செய்தார்.

"பின்னாலை நிண்டது என்ரை அம்மா, அண்ணை," என்றேன். "சேர்க்காட்டி என்னை வேலையாலை நிப்பாட்டுங்கோ. அந்தக் கொம்பனிக்கு நானே போன் எடுப்பன்."

முகத்தைத் தூக்கிக்கொண்டு சேர்த்தார். கொம்பனி அதன் பிறகு எங்களிடம் வரவில்லை. போனால் போகட்டும். என்னையும் ஒருநாள் அனுப்புவார்கள் என்றால் அனுப்பட்டும், அதற்காகப் பொய்யை எழுதியா தரப்போகிறேன்?

ஜக்கெற்றை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். ஓட்டைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். நிற்காமல் போன குண்டின் ஓட்டை எது என்று கேட்டார். காட்டினேன். அதைத்தான் முதலில் தைத்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"உந்த வேலையை விட்டிடாதை, பிள்ளை."