அது விரதம் என்று நான் சொன்னேன்

இந்த ஈப்போ மருத்துவமனையில் என் பேத்தி பிரியாவைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லித்தான் எடை பார்க்கிறார்கள். எண் அவளுக்குப் பின்னால் தெரியும். தாதி அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி, மடித்து, கூடப் போயிருக்கும் என் கையில் கொடுப்பாள். யாருடைய எடையோ அவளுக்கு மட்டும் அது தெரியக்கூடாதாம். ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, எத்தனையோ வருஷம் ரப்பர் பாலை நிறுத்து எழுதியவன் நான்; இப்படி ஒரு நிறுவையைக் கண்டதில்லை. முதல் வாரம் வேடிக்கையாக இருந்தது. மூன்றாவது வாரம்தான் புரிந்தது. எண் குறைந்தால் பிள்ளைக்கு உள்ளே ஒரு சந்தோஷம் வருகிறது. அந்தச் சந்தோஷத்துக்குத்தான் வைத்தியம் நடக்கிறது.

பதினேழு வயது அவளுக்கு. வெள்ளிக்கிழமை விரதம் என்றுதான் தொடங்கினாள். பிறகு செவ்வாய் சேர்ந்தது. பிறகு இன்று என்ன கிழமை என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. குனோங் ராபாட்டில் எங்கள் தெருக்காரர்கள் இந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்தியா என்று மெச்சினார்கள். இது நோய், உடனே வைத்தியம் தொடங்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகும் என் மகன் தயங்கினான். பிள்ளைக்குப் பைத்தியம் என்று பெயர் வந்துவிடும், கோயிலுக்கு நேர்ந்துகொண்டு ஆறு மாதம் பார்க்கலாம் என்றான். அன்று சாப்பாட்டு மேசையில், அறுபது வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். அதையே இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் நம் ஊர்க் கண்மாய்க் கரையில் அழகம்மை கல்லுக்கு விளக்கேற்றுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். அழகம்மை என் தங்கை.

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து நான் பத்தொன்பது வயதில் மலாயாவுக்குக் கப்பலேறினேன். பள்ளி இறுதிவரை படித்திருந்ததால் லகாட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்து அழகம்மையும் அவள் கணவர் முத்தையாவும் வந்து சேர்ந்தார்கள். பிறகு ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை காரில் தெற்கே ஓடினார். ஊருக்குப் போகிற கப்பலும் கடிதமும் நின்றன. அரிசி கண்ணில் படாமல் போய், ரப்பர் மரங்களுக்கு நடுவே மரவள்ளிக் கிழங்கு நட்டோம். ஒரு நாள் லாரிகள் வந்து, தொழிலாளர் லயங்களிலிருந்து ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போயின. முத்தையாவும் போனார். அன்று அழகம்மை சாப்பிடவில்லை. அன்று யார்தான் சாப்பிட்டார்கள்? ஆனால் மற்றவர்கள் மறுநாள் சாப்பிட்டார்கள்.

அவள் என் வீட்டில்தான் இருந்தாள். என் மனைவி, இரண்டு பிள்ளைகள், நான், அவள். தட்டில் வைத்ததைப் பிள்ளைகளுக்குத் தள்ளிவிடுவாள். காரணமே இல்லாமல் தோட்டத்துச் செம்மண் பாதையில் மேலும் கீழும் நடப்பாள். கண்ணாடி வளையல் முழங்கைவரை ஏறியபோது அதை ஒரு மாதிரி திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைக் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஊரே பட்டினி கிடக்கும்போது ஒருத்தி தட்டைத் தள்ளிவைத்தால் அது நோயாகத் தெரியாது, மிச்சமாகத்தான் தெரியும். அவள் பங்குக் கிழங்கை என் பிள்ளைகள் தின்றார்கள். நானும் தின்றேன்.

லயத்துப் பெண்கள்தான் முதலில் அதற்கு விரதம் என்று பெயர் வைத்தார்கள். சயாமில் இருக்கும் கணவனைக் காப்பாற்ற அழகம்மை அன்ன ஆகாரத்தை விட்டுவிட்டாள் என்று பேச்சு பரவியது. அவர்களுடைய கணவர்களும் சயாமில்தான் இருந்தார்கள். கொஞ்ச நாளில் அவளைப் பார்க்க வந்தார்கள். முட்டை, சர்க்கரைவள்ளி, எங்கேயோ ஒளித்து வைத்திருந்த கைப்பிடி அரிசி என்று அவள் முன்னால் வைத்துவிட்டு, அவள் கையால் திருநீறு வாங்கிப் போனார்கள். அவள் அதைத் தொடமாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். அது எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் விறகு அடுக்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்து அவளே சொன்னாள்.

"அண்ணே, இது விரதம் இல்ல. அவரு அங்க என்னத்தத் திங்கிறாரோன்னு நெனச்சுத்தான் மொதல்ல நிறுத்துனேன். இப்ப நெனைக்காட்டியும் முடியல. சோத்தப் பார்த்தாலே பயமா இருக்கு. யார்கிட்டயாவது காட்டுண்ணே."

தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்டவர் டிரஸ்ஸர் சூசை. அவரிடம் அழைத்துப் போனேன். அதுவரைக்கும் நான் சரியாகத்தான் நடந்தேன். அவர் அவள் கையில் புதிதாக முளைத்திருந்த பூனைமயிரைப் பார்த்தார், நாடி பார்த்தார். ஈப்போ பெரிய மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், திங்கட்கிழமை மாட்டுவண்டி ஏற்பாடு செய்கிறேன், அதுவரை இவள் தனியாகச் சாப்பிட உட்காரக் கூடாது என்றார். அவர் மனைவி ரெஜினா அக்கா தினமும் ஒரு கிண்ணம் கஞ்சியும் இரண்டு கரண்டியும் எடுத்து வந்தார். ஒரு வாய் அவர், ஒரு வாய் அழகம்மை. தெருவில் ஜப்பான் சிப்பாயைக் கண்டால் இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும், இல்லாவிட்டால் அறை விழும் என்பது அன்றைய சட்டம். ரெஜினா அக்கா கிண்ணத்துக்கு அப்படியே குனிவார். "கும்பிடு போடு புள்ள. இந்தக் கஞ்சியும் ஜப்பான்காரன்தான், அறைஞ்சிடப் போவுது" என்பார். அழகம்மை சிரித்துவிடுவாள். சிரித்தபடியே விழுங்குவாள். ஐந்து நாள் அப்படிப் போயிற்று. ஐந்தாம் நாள் அவளே கரண்டியை எடுத்தாள்.

இந்த இடத்தில் மருத்துவமனையில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் பிரியா டாக்டர் அறைக்குள் இருந்தபோது, மலாய்த் தாதி ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டாள். என் தங்கைக்கு இருந்தது, இறந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். எப்படி என்றாள். சாப்பிடாமல் இருந்ததை என்ன சொல்வது என்று தெரியாமல் 'புவாசா' என்றேன். அவர்கள் ரமலானில் இருக்கும் நோன்புக்கு அதுதான் பெயர். அவள் கண்களில் மரியாதை வந்துவிட்டது. "நல்லவங்க, பாக்சிக்" என்று, மாமா என்கிற மரியாதையோடு, மலாயில் சொல்லி என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அப்படி இல்லை என்று விளக்க எனக்கு வார்த்தை வரவில்லை. இன்னொரு மொழியிலும் அதே பொய்யைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை மாட்டுவண்டி வந்தது. அழகம்மை துணி மூட்டையோடு வாசலில் நின்று, "போலாம் அண்ணே" என்றாள். அப்போது லயத்துப் பெண்கள் இருபது பேர் வந்து வண்டிக்கு முன்னால் நின்றார்கள். அவள் கஞ்சி குடித்தது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. முனியம்மா என்ற பெண்தான் பேசினாள். அவள் கணவனும் மகனும் ஒரே லாரியில் போனவர்கள்.

"கிராணி, நீங்க படிச்சவரு. இவங்க வாயில சோறு எறங்குனா அங்க எங்க ஆளுங்க விழுந்துருவாங்க. ஒரு மாசம் பொறுங்க லா. உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

அவள் மடியில் ஒரு முட்டையும் கொஞ்சம் அரிசியும் இருந்தன. அழகம்மை அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"நீயே சொல்லுண்ணே. இது விரதமா?"

அவர்களுக்குப் பயந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இரக்கப்பட்டேன் என்றும் சொல்லலாம். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் என் கண் அந்த மடியில் இருந்தது. "விரதம்தான்" என்றேன். அழகம்மை மூட்டையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். வண்டி காலியாகத் திரும்பியது. மத்தியானம் அந்த அரிசியைப் பொங்கி, முட்டையை வேகவைத்து நாங்கள் சாப்பிட்டோம். ருசியாக இருந்தது.

அதன் பிறகு ரெஜினா அக்கா கிண்ணத்தோடு வந்தால் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பதினோராம் நாள் காலை இறந்தாள். டிரஸ்ஸர் சூசை வந்து கண்களை மூடிவிட்டார். "தெரியாமச் செஞ்சிருந்தா கர்த்தர்கிட்ட நானே உனக்காகப் பேசுவேன். நீ தெரிஞ்சு செஞ்ச, கிராணி" என்றார். பிறகு சாகும்வரை என்னோடு பேசவில்லை.

ஜப்பான்காரன் தோற்ற பிறகு முத்தையா காலெல்லாம் புண்ணோடு உயிரோடு திரும்பி வந்தார். முனியம்மாவின் ஆட்கள் இரண்டு பேரும் வரவில்லை. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அழகம்மையின் விரதம் பலித்தது என்றார்கள். முத்தையா அவளைப் புதைத்த மண்ணில் விழுந்து அழுதார். அப்போது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அவர் அந்தக் கதையோடு கப்பலேறி ஊருக்குப் போனார். கண்மாய்க் கரையில் கல் நட்டார். சாப்பிட முடியாமல் செத்தவளை அங்கே கும்பிடுகிறோம். இங்கே பிரியாவுக்கு ஒரு படுக்கை எண் கொடுத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள்.

நான் மேசையில் இதைச் சொல்லி முடித்ததும் மகன் எழுந்துபோய் வேலைக்கு விடுப்புச் சொன்னான். பிரியா மட்டும் ஒன்று கேட்டாள். "அவங்களும் என்ன மாதிரியே பயந்தாங்களா, தாத்தா?" பயந்தாள் என்றேன். "அப்ப போலாம்" என்றாள்.

இந்த ஆவணியில் ஊரில் கல்லுக்குக் கூரை போட்டுக் குடமுழுக்கு நடத்துகிறார்களாம். அம்மனின் அண்ணன் என்று எனக்கு முதல் மரியாதையாம். ஊர்க்காரர்கள் எழுதிய கடிதத்தோடு போன வருஷப் படையலின் புகைப்படமும் வந்திருக்கிறது: மஞ்சள் துணி சுற்றிய ஒரு சின்னக் கல், எதிரே தலைவாழை இலையில் குவித்த சோறு. நான் வரமாட்டேன். அந்த மாலைக்குக் கழுத்தை நீட்ட எனக்கு முகமில்லை. இங்கே அவளிடம் போய் நிற்கலாமென்றால், தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். எந்த வீட்டுச் சமையலறைக்குக் கீழே கிடக்கிறாள் என்று தெரியாது.

இன்று மாலை கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்தபோது பிரியா அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தாள். "இவ்ளோ சோறா? பாவம் லா அவங்க" என்று மேசையில் கவிழ்த்து வைத்தாள். நான் முதுகு வலிக்க வலிக்கக் கிண்ணத்துக்குக் குனிந்தேன். அவள் லேசாகச் சிரித்து, "நீங்க மொதல்ல" என்றாள். ஒரு வாய் குடித்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி முன்னால் வைத்த சோறு வருஷா வருஷம் ஆறிப்போகிறது. இந்தப் பக்கம் இவள் கரண்டி, கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவில் நிற்கிறது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல், அடுத்த வாய்க்கு என் முறை வரட்டும் என்று காத்திருக்கிறேன்.