மாமாவின் ஒரிஜினல் வாட்ச்

ஈரத் துண்டின் மேல் அந்தக் கடிகாரம் கிடந்தது. கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறி டயல் பழுத்துப் போயிருந்தது. ஸ்டீல் செயினின் கொக்கி மட்டும் பூட்டியபடியே இருந்தது. கழற்றாமல் அது எப்படி ஒரு கையை விட்டு வந்தது என்று அங்கே நின்ற யாரும் கேட்கவில்லை. ஆறு வருஷமாகிறது. அந்தப் பூட்டிய வட்டம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

மாமா என்றால் என் அக்காவின் புருஷன். கடலூர் பக்கத்தில் கடற்கரை ஊர் எங்களுடையது. மாமாவிடம் சின்னதாக ஒரு ஃபைபர் போட் இருந்தது. நான்தான் கடலுக்குப் பயந்து சிதம்பரத்தில் ஒரு வாட்ச் ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்தவன். அண்ணாமலை நகர் மாணவர்கள் ஆன்லைனில் வாங்கியதையும் துபாய்ச் சித்தப்பா கொடுத்ததையும் கொண்டுவந்து, "ஒரிஜினலா சார்?" என்று கேட்பார்கள். நான் தயவு தாட்சண்யம் பார்ப்பதில்லை. பின்மூடியில் எழுத்து ஆழமில்லாமல் இருந்தால் அப்படியே சொல்லிவிடுவேன். முகம் தொங்கிப்போகும், அதற்கு நான் என்ன செய்ய முடியும். அந்த வாயால்தான் மாமாவிடம் பொய் சொன்னேன்.

அக்கா கருவாடு விற்றுச் சேர்த்த காசில், சிங்கப்பூரிலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் அதை வாங்கியிருந்தாள். சினிமா நடிகர்கள் விளம்பரத்தில் கட்டிக்கொண்டு நிற்கிற பெயர். பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனபோது இரண்டு பேரும் என் முன்னால் வந்து நின்றார்கள். மாமா முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக் கையை நீட்டினார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, வெறும் டூப்ளிகேட். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரிஜினல்தான் மாமா. அம்பது மீட்டர் தண்ணி தாங்கும்."

அந்த அம்பது மீட்டரை எதற்குச் சேர்த்தேனோ. அன்றிலிருந்து கடலுக்கும் அதைக் கட்டிக்கொண்டு போனார். மீன் ஏலம் விடுகிற இடத்தில் கேட்காதவர்களுக்கும் மணி சொன்னார். பேட்டரி மாற்ற என்னிடம் இரண்டு தடவை வந்தார். மாற்றிய மாதத்தையும் என் முதலெழுத்தையும் மூடியின் உள்பக்கம் ஊசியால் கீறி வைத்தேன். எங்கள் வேலையில் எல்லோரும் செய்வதுதான்.

ஒரு ஐப்பசிக் காலையில் நண்டு வலை எடுக்கத் தனியாகப் போனவர் திரும்பவில்லை. போட்டும் கிடைக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, புதுச்சேரிப் பக்கத்து விசைப்படகின் வலையில் அந்தக் கடிகாரம் வந்தது. ஊர்ப் பஞ்சாயத்தார் கோயில் கொட்டகையில் துண்டு விரித்து வைத்துவிட்டு என்னை வரச்சொன்னார்கள். மாமாவுடையதுதான் என்று ஆகிவிட்டால் அடுத்தது காரியம். அக்காவின் பொட்டை அழித்து, தாலியை இறக்கிவிடுவார்கள்.

அக்கா அழவில்லை. "இந்த மாதிரி எத்தினியோ பேரு கட்றாங்க. அவுங்களுது ஒரிஜினல், என் தம்பியே பாத்து சொன்னது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "தொறந்து பாரு. ஒரிஜினலா டூப்ளிகேட்டா, அத மட்டும் சொல்லு."

மூடியை நெம்பித் திறந்தேன். துருவுக்கு நடுவே என் எழுத்து இருந்தது.

"டூப்ளிகேட்" என்றேன்.

அந்தக் கடிகாரத்தைப் பற்றி நான் சொன்ன ஒரே உண்மை அது. அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை. அக்கா எழுந்து வீட்டுக்குப் போனாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். நான் ஒரு உண்மையைச் சொல்லி அக்காவின் கல்யாணத்தை நடத்திக்கொண்டிருந்தேன்.

எங்காவது நினைவு தப்பிய ஆள் ஒருவர் இருக்கிறார் என்று சேதி வந்தால் அக்கா கிளம்பிவிடுவாள். நாகப்பட்டினம், காசிமேடு, புதுச்சேரியில் ஒரு ஆதரவற்றோர் இல்லம். நானும் கூடப் போவேன். அவள் அந்த ஆளின் முகத்தைப் பார்ப்பாள், நான் மணிக்கட்டில் ஒரிஜினல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்குவாள். எழுப்பிச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். நெற்றியில் அந்தப் பெரிய பொட்டைப் பார்த்ததும் வாய் வராது. நான் கோழை, வேறென்ன சொல்ல.

போன மாதம் ராமேஸ்வரத்தில் ஒருவர் இருப்பதாகத் தெரிந்தது. எனக்கு லீவு இல்லை, அவளுக்கு மட்டும் ரயில் டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். கிளம்புகிற அன்று மத்தியானம் நேராக ஷோரூமுக்கு வந்தாள்.

"ஒரிஜினல எப்டி பாக்கறதுன்னு எனக்கு சொல்லிக் குடு தம்பி. இனிமே நானே பாத்துக்கறேன்."

ஷோகேஸிலிருந்து அதே கம்பெனியின் அதே மாடலில் அசல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், யோசிக்காமல் சொல்லிவிட்டது: பக்கவாட்டில் இருக்கிற மேல் பொத்தானை அமுக்கு அக்கா, நடுவில் இருக்கிற நீட்டு முள் ஓடும், டூப்ளிகேட்டில் ஓடாது.

அமுக்கினாள். முள் ஓடியது. ஒரு சுற்று முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவுங்களும் தெனம் அமுக்கிப் பாப்பாங்க. ஒரு நாளும் இப்டி ஓடுனதில்லியே."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடி மேசையின் மேல் கடிகாரத்தை மெதுவாக வைத்தாள். "அந்த டிக்கெட்ட கேன்சல் பண்ணிடு தம்பி" என்றாள்.