சப்வூஃபர் இல்லாமல் கட்டிய செட்

யுத்தம் முடிந்த பிறகு, இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள கல்முனை பஸாரில் ஹோம் தியேட்டர் வியாபாரம் ஓகோவென்று நடந்தது. நான் அப்போது ஒரு ஹாஜியாரின் கடையில் ஸ்பீக்கர் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாண்டிருப்பைச் சேர்ந்த சுதன், பல வருடம் கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்திருந்தான். ஒருநாள் தாய் பாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். என்னை, அண்ணன் என்ற பொருளில், நானா என்றே கூப்பிட்டான்.

"அம்மாவுக்குப் பாட்டுக் கேக்கத்தான் நானா. ஆனா எனக்குப் படமும் பாக்கணும். சத்தம் நெஞ்சில அடிக்கணும்."

"ரெண்டுக்கும் ஒரே செட் சரிவராது தம்பி," என்றேன். "படத்துக்கு அஞ்சு ஸ்பீக்கரும், அதிர்வு குடுக்கிற சப்வூஃபரும் வேணும். பாட்டுக்கு நல்ல சோடி ஒண்டு போதும். குரல் தெளிவாக் கேக்கும்."

"முதல்ல பெரிசப் போட்டுக் காட்டுங்க."

கப்பல் வெடிக்கும் காட்சி ஒன்றைப் போட்டேன். சப்வூஃபர் உறுமியதும் கண்ணாடி அலுமாரி அதிர்ந்தது. பாக்கியம் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"கடல் வருது! ஓடுங்க!"

கத்தியபடியே வீதிக்குப் பாய்ந்தார். பக்கத்துப் புடவைக் கடையில் இருந்தவர்கள் என்ன ஏதென்று கேட்கவில்லை. அவர்களும் ஓடத் தொடங்கினார்கள். யாரோ மோட்டார் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். ஹாஜியார் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "ஒண்டுமில்ல! ஸ்பீக்கர் சத்தம்!" என்று கத்தினார். அவருடைய குரல் எடுபடவில்லை.

நான் பாக்கியத்தின் பின்னால் ஓடினேன். அவர் பிரதான வீதியைக் குறுக்கே கடந்தபோது ஒரு லொறி பிரேக் அடித்து அவருக்கு அருகே நின்றது. மேற்கே வயல் பக்கம் திரும்பும் இடத்தில்தான் அவருடைய கையைப் பிடித்தேன். அவர் என் கையை இறுக்கிப் பிடித்து இழுத்தார்.

"நிக்காத மனே, வா! பின்னால பாக்காத!"

அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். கையை உதற எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சத் தூரம் கூடவே ஓடி, மெல்ல வேகத்தைக் குறைத்தேன்.

"அம்மா, கடல் வரல்ல. அது எங்கட கடைச் சத்தம்."

திரும்பி வீதியைப் பார்த்தார். பிறகு ஓரத்தில் குந்திவிட்டார். என் கையை விடவில்லை.

சுதன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். "சுனாமியில அப்பாவும் தங்கச்சியும் போனபோது நான் கட்டார்ல நானா. இவ அதப் பத்தி ஒண்டும் கதைச்சதில்ல."

பாக்கியம் நிமிராமலே சொன்னார்: "தண்ணியக் காண முதல் சத்தந்தான் வந்தது மனே."

பிறகு அவர்களின் வீட்டில் ஒரு ஸ்டீரியோ அம்ப்ளிஃபயரும் சின்னதாக இரண்டு ஸ்பீக்கர்களும் பூட்டினேன். சுவரோடு ஒட்டி வைத்தால் உறுமும் பாஸ் சத்தம் கூடும் என்பதால் முன்னுக்கு இழுத்து, காது மட்டத்தில் வைத்தேன். பழைய பக்திப் பாட்டொன்று ஓடியது. பாக்கியம் ஒரு காலை வெளியே வைத்தபடி வாசலில் நின்றார். பாடகியின் குரல் மட்டும் தனித்து வந்த இடத்தில் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"கொஞ்சம் கூட்டு மனே," என்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: படத்துக்கா, பாட்டுக்கா என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். அந்த அறையில் யார் யார் இருப்பார்கள் என்றும் கேளுங்கள். இந்தக் கரையில் அதைக் கேட்காமல் சப்வூஃபரைப் போட்டுக் காட்டாதீர்கள்.