பள்ளத்தைப் படம் பிடிப்பது எப்படி?

மலைப்பாதையின் ஓரம் அரித்துப் போனால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. எச்சரிக்கைப் பலகை. சிவப்பு-வெள்ளைத் தடுப்பு. மணல் மூட்டை. பிறகு மதிப்பீடு, ஒப்புதல், வேலை. எனக்கு இது மனப்பாடம். சாலைத் துறையில் பணிக்காலம் முழுக்க இப்படிப்பட்ட கோப்புகளைத்தான் மேலே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஜவ்வாது மலையில் நான் சாமையும் புளியும் வாங்கப் போகிற ஊருக்குக் கீழே ஒரு வளைவு. அங்கே இருந்தது ஒரு காய்ந்த கிளை. நுனியில் சிவப்புத் துணி. பலகை, தடுப்பு, மூட்டை எல்லாம் அதுதான்!

தாருக்கு அடியில் மண் போய்விட்டது. மேலே தார் மட்டும் அப்பளம் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஊர்க்காரர் ஏழுமலையின் பிக்கப் வேன் மட்டும் ஓடியது.

அதற்கும் ஒரு வழக்கம் உண்டு. வளைவு வந்ததும் எல்லோரும் இறங்கி நடப்பார்கள். கீழே இறங்கும்போது பள்ளம் இடது பக்கம், ஓட்டுகிறவர் வலது பக்கம். ஏழுமலை தன் பக்கத்துக் கதவை விரியத் திறந்து, ஒரு காலை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டுவார். வண்டி சரிந்தால் குதிக்க வேண்டுமே...

"மேடம், நீங்க ஆபீஸ்ல இருந்தவங்க. ஒரு மனு எய்திப் போடுங்க" என்றார், எனக்குச் சாமை கொடுக்கும் சின்னபாப்பா. "மருமவளுக்கு மாசம் நெருங்குது. அந்த வளைவ நெனைச்சா எனக்குச் சோறு எறங்கல."

எழுதினேன். செல்போனில் படமும் எடுத்து இணைத்தேன். சில நாள் கழித்து, என்னிடம் வேலை கற்றுக்கொண்ட ஒருவர் மனு போன அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்.

"கோச்சுக்காதீங்க மேடம்... படத்துல ரோடு நல்லாத்தானே இருக்குது? ஓரத்துல ஏதோ கோடு மாதிரி தெரியுது. அவ்ளோதான்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. உச்சி வெயிலில், நின்ற வாக்கில் எடுத்திருக்கிறேன். ஆளை விழுங்கும் பள்ளம், சாணி மெழுகிய வாசல் மாதிரி சமமாக இருந்தது!

பணி ஓய்வுக்கு நண்பர்கள் கொடுத்த கேமரா பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பினேன். யூடியூபில் ஒரு தம்பி பாடம் எடுத்தார். ஆழம் தெரிய வேண்டுமா? வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும். காலையில் எடுங்கள், தாழ்ந்து எடுங்கள். அளவு தெரிய, பக்கத்தில் பழகிய பொருள் ஒன்றை வையுங்கள். இருட்டான இடமா? ஷட்டரை, அதாவது கேமரா கண்ணிமைப்பதை, மெதுவாக்குங்கள். ஓடுகிற பொருளா? ஷட்டரை வேகமாக்குங்கள்.

ஒடுகத்தூரில் என் வீட்டு ஆட்டுக்கல்லின் குழியை வைத்துப் பழகினேன். பக்கத்து வீட்டுக்காரர் மதில் வழியே எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், ஆட்டுக்கல்லுக்கு ஆதார் கார்டா?"

ஒரு காலை, வளைவுக்குப் போய்ச் சேர்ந்தேன். வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. பள்ளத்தின் ஓரம் குந்தி உட்கார்ந்து, தாருக்கு அடியில் குடையை நுழைத்துப் பார்த்தேன். கைப்பிடிவரை உள்ளே போனது. நான் நடந்து வந்த ரோட்டுக்கு அடியில் காற்றுதான் இருந்தது.

உள்ளே இருட்டு. ஷட்டரை மெதுவாக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். பள்ளம் பள்ளமாகவே விழுந்தது! எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்ட நேரத்தில் மேலே ஹார்ன் சத்தம். விட்டுவிட்டு அடிக்கிற சத்தம் இல்லை. கையை எடுக்காமல் அடிக்கிற சத்தம்.

பிக்கப் வந்து நின்றது. பின்னால் கோணிகளின் மேல் சின்னபாப்பாவின் மருமகள் சத்யா படுத்திருந்தாள். வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் வளைவுக்குக் கீழேதான் நிற்குமாம். கூட வந்தவர்கள் வழக்கம்போல இறங்கினார்கள். சின்னபாப்பா இறங்கவில்லை.

"எறங்கு பெரிம்மா. வெயிட்டு கொறையட்டும்" என்றார் ஏழுமலை.

"அவள வுட்டுட்டு நான் எறங்கி இன்னாத்துக்குடா?"

"நீ எறங்குனாதான் அவ போய்ச் சேருவா. எறங்கு!"

இறங்கினார். வளைவைத் தாண்டி முன்னால் போய், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றுகொண்டார். அவரால் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டப்பென்று. ஏழுமலை தன் கதவைச் சாத்திவிட்டார்.

பின்பக்கக் கண்ணாடி வழியாகக் குரல் கொடுத்தார். "தங்கச்சி, கதவ சாத்திட்டேன். நானும் உள்ளதான் கீறேன். பயப்படாத."

நான் வண்டிக்குப் பின்னால், மலைப்பக்கமாக ஒதுங்கினேன். வண்டி நகர்ந்தது. மலைச்சரிவை உரசிக்கொண்டுதான் போனது. ஆனாலும் இடது பின்சக்கரம் தாரின் விளிம்பை மிதித்தது. தார் விரிசல் விட்டது. அடியில் கற்கள் உருளும் சத்தம் நின்றபாடில்லை. என் விரல் தானாக அமுங்கியது.

கடந்துவிட்டது.

கீழே போய், ஆம்புலன்ஸில் ஏற்றி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். அதைக் கேட்ட பிறகுதான் கேமராவைக் கையில் எடுத்தேன்.

கடைசிப் படத்தைப் பார்த்தேன். ஷட்டரை வேகமாக்க மறந்திருக்கிறேன். சக்கரம் கலங்கியிருந்தது. உருண்ட கற்கள் புகை மாதிரி ஆகிவிட்டன. கதவு மட்டும் தெளிவு. மூடிய கதவு.

இரண்டு படத்தையும் சேர்த்துப் புது மனுவாக அனுப்பினேன். முதல் படம் சட்டத்துக்கு. இரண்டாவது படம் மனசாட்சிக்கு. அப்படித்தான் நினைத்தேன்.

ஐப்பசி மழையில் தார் விளிம்பும் போனது. பிக்கப் இப்போது வளைவுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. மேலே இருப்பவர்கள் சாமை மூட்டையோடு நடக்கிறார்கள். கடைசியில் பதிலும் வந்தது. தட்டச்சில் பிழையே இல்லை.

"மனுதாரர் இணைத்துள்ள இரண்டாவது புகைப்படத்தில், வாகனம் ஒன்று கதவு மூடிய நிலையில் பாதுகாப்பாகக் கடந்து செல்வது தெரியவருகிறது. எனவே பாதை போக்குவரத்துக்கு உகந்த நிலையில் உள்ளது."

அந்தக் கதவு அங்கே மூடியது அன்று ஒரே ஒரு முறைதான் என்பதை எந்த வெளிச்சத்தில் எடுத்தால் காட்ட முடியும்? யூடியூப் தம்பியின் பாடங்களை முழுக்கத் தேடிவிட்டேன். இல்லை.

பதில் வந்த தேதி, மாட்டுப் பொங்கல் முடிந்த முதல் வேலை நாள் — சத்யாவின் மகள் முதன்முதலாகக் குப்புற விழுந்த அன்று.