கன்னிமூலைக் கதவு

கன்னியாகுமரியில் அக்காவின் லாட்ஜில், முதல் மாடி வராந்தாவின் இடதுபக்கச் சுவரில், இடுப்புக்குச் சற்று மேலே ஒரு மங்கிய கோடு இருக்கிறது. மஞ்சள் பெயிண்டில் கைபட்டுக் கைபட்டு விழுந்த அழுக்கு. ஒவ்வோர் அறை வாசலிலும் விட்டு, மறுபடி தொடர்ந்து, வராந்தாவின் கடைசிவரை போகும். வேறு யாருடைய லாட்ஜாக இருந்தாலும் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்திருப்பேன். சுவர்களில் குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு.

நான் சிவில் படித்தவள். கட்டிய வீட்டை வாங்க நினைப்பவர்களுக்காக, முன்கூட்டியே போய் அதைப் பரிசோதித்துச் சொல்வது என் வேலை. எங்கள் ஊர்ப்பக்கம் வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு குறைவு என்பதால் வேலைக்குப் பஞ்சமில்லை. அங்கே வெயிலில் நின்று சம்பாதித்தவர் போனில் படம் பார்த்து மயங்கிவிடுவார். மொட்டைமாடியில் தண்ணீர் தேங்குகிறதா, குளியலறைச் சுவரில் ஈரம் ஊறியிருக்கிறதா, ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னால் வயர் எந்த லட்சணத்தில் கிடக்கிறது என்று பார்த்து நான் அந்த மயக்கத்தைத் தெளியவைப்பேன். விற்பவர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. ஆனால் வாஸ்து விஷயத்தில் மட்டும் நான் யாரிடமும் வாய் கொடுப்பதில்லை. எங்கள் ஊரான கருங்கல் பக்கத்தில் கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் சண்டையில்லாமல் சேர்ந்து நம்பும் ஒரே சங்கதி கன்னிமூலை. கட்டடத்தின் தென்மேற்கு மூலை அது. அங்கே கதவு வைத்தால் அந்தக் குடும்பத்தில் உயிர்ச்சேதம் வரும் என்பார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் முன்பெஞ்சில் உட்காரும் எங்கள் குடும்பத்திலேயே கன்னிமூலை பார்க்காமல் கோழிக்கூடுகூட வைத்ததில்லை.

அக்கா என் பெரியம்மாவின் மகள். சவுதியில் நர்ஸாக வேலைபார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். சும்மா இருக்கச் சொன்னால் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். அத்தானும் அவளுமாகச் சேர்ந்து ஒரு சின்ன லாட்ஜை வாங்கி நடத்துவது என்று தீர்மானித்தபோது, என்னைத்தான் பார்க்கச் சொன்னாள். லாட்ஜ் எதையும் நான் அதுவரை பரிசோதித்ததில்லை என்றேன்.

“ஏட்டி, பாத்ரூம் கொஞ்சம் கூடுதலா உள்ள வீடு, அவ்வளவுதான. வந்து பாரு” என்றாள்.

நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் போனேன். போய்ப் பார்த்தால் அது உண்மையிலேயே ஒரு காலத்தில் வீடாக இருந்ததுதான். மேலே மாடி எடுத்து, அறைகளாகத் தடுத்து லாட்ஜ் ஆக்கியிருந்தார்கள். திருடனுக்குப் பயந்து வீட்டுக்குப் போடுவதுபோல ஜன்னலுக்கெல்லாம் கனத்த கம்பி. கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் தின்றிருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்தேன். பெரிய குறை ஒன்றும் தட்டுப்படவில்லை. கொல்லைப்பக்கம் போனபோதுதான் அந்தப் படிக்கட்டைக் கண்டேன். தரையிலிருந்து ஒழுங்காக ஏறிப்போய், மாடியில் வெறும் சுவரில் முட்டி நின்றது. படிகளில் படுக்கைவிரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன.

விற்பவர் பெருமையாகவே சொன்னார். “முன்ன அங்க ஒரு கதவு உண்டு. கன்னிமூலையில்லா, அதான் அடச்சாச்சு. நீங்க ஒண்ணும் பயப்படாண்டாம்.”

வீடாக இருந்திருந்தால் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். வீட்டில் இருப்பவர்களுக்குக் கும்மிருட்டிலும் வாசல் தெரியும். லாட்ஜில் படுப்பவர் இன்றைக்கு வந்து நாளைக்குப் போகிறவர். கழிப்பறை விளக்கின் ஸ்விட்ச் எது என்பதே அவருக்குத் தெரியாது. மாடிக்கு மிச்சமிருந்த ஒரே வழியான முன்பக்கப் படிக்குக் கீழேதான் சமையலறை. மெயின் போர்டும் அங்கேதான். அங்கே ஏதாவது பற்றிக்கொண்டால், மாடியில் இருப்பவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தலாம், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் என் வழக்கத்தை மீறி, அடைத்த கதவைத் திறந்தே ஆக வேண்டும் என்று சொன்னேன்.

அத்தான் நல்ல உயரம். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. “அப்ப இந்தச் சோலி நமக்கு வேண்டாம். பிள்ளை மாசமா இருக்கா. இப்பப் போய் கன்னிமூலைய ஒடைக்கவா?” என்றார். அவர்களுக்கு ஒரே மகள். முதல் தடவை கலைந்துபோய், மறுபடி தங்கியிருந்த கரு. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மூடநம்பிக்கை என்று பிரசங்கம் செய்ய எனக்கு நாக்கு எழவில்லை.

அக்கா நேராக முன்படியை ஒட்டியிருந்த முதல் அறைக்குள் போனாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வெளியே வந்தாள். “படிப்பக்கம் தீ கெடக்கு, பொகையில கண்ணு தெரியல்லன்னு வச்சுக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு, இடது கையைச் சுவரில் வைத்துத் தடவித் தடவி வராந்தாவின் மறுகோடிக்கு நடந்தாள். பழைய கதவு இருந்த இடம் வந்ததும் சுவரில் முட்டிக்கொண்டாள். இரண்டு உள்ளங்கையாலும் மேலும் கீழும் தடவினாள். கண்ணைத் திறக்கவே இல்லை.

“இனி எங்க போவட்டும், சொல்லுங்க” என்றாள்.

அத்தான் பக்கத்தில் போய் நின்றதும் அவள் தொடர்ந்தாள்.

“இஞ்ச வந்து படுக்கப்போறதும் ஆராவது பெத்த பிள்ளைதான். அதுல ஒருத்தி மாசமாவும் இருப்பா.”

லாட்ஜை வாங்கி, அந்தச் சுவரை உடைத்த அன்று அத்தான் அந்தப் பக்கமே வரவில்லை. சர்ச்சில் போய் உட்கார்ந்திருந்தார். பூட்டே இல்லாத, உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற கதவாக வைக்கச் சொன்னேன். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகிக் குழந்தையைக் கையில் வாங்கும்வரை அவர் சரியாகத் தூங்கவில்லை என்று அக்கா பிற்பாடு சொல்லிச் சிரித்தாள்.

லாட்ஜ் தொடங்கிய பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. தங்கியிருப்பவர்கள் அஸ்தமனம் பார்க்கக் கடற்கரைக்குப் போயிருக்கும் நேரத்தில், முதல் அறையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு சுவரைத் தடவியபடி நடப்பாள். வழியில் யாராவது வாளியையோ செருப்பையோ வைத்திருந்தால் தடுக்கும். வைத்தவர் பாடு அன்றைக்குத் திண்டாட்டம்தான். கடைசியில் கதவைத் தள்ளித் திறந்து, படியில் கொஞ்ச நேரம் காற்று வாங்குவாள். அப்படி விழுந்ததுதான் அந்தக் கோடு.

பிறத்தியார் நோயையே பார்த்துப் பழகியவள், தன் வயிற்றுவலியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். கண்டுபிடித்தபோது கைமீறிவிட்டது. பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போவதைப் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அடக்கத்துக்கு வந்த சித்தி ஒருத்தி, அத்தான் காதில் விழவே சொன்னாள்: “கன்னிமூலையத் தொறந்து வச்சா வேற என்ன நடக்கும்?” அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். சிமெண்டும் செங்கல்லும் உயிரை எடுக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது. திறக்கச் சொன்னது நான் அல்லவா? வெகுநாள் அந்த லாட்ஜ் பக்கம் நான் போகவில்லை. கன்னியாகுமரியில் வேலை வந்தால்கூட ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தேன்.

போன மாதம் அத்தான் போன் செய்தார். மாடியில் ஓர் இடத்தில் தண்ணீர் ஒழுகுகிறது, வந்து பார்த்துவிட்டுப் போ என்றார். பஸ்ஸில் போகும்போது வழியெல்லாம் அந்தக் கதவைப் பற்றித்தான் நினைப்பு. நிச்சயம் அடைத்திருப்பார். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதரிடம் மறுபடி திற என்று எந்த முகத்தோடு சொல்வேன்? சொல்லாமலும் எப்படி வருவேன்?

நான் படியேறிப் போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அத்தான் முதல் அறை வாசலில் நின்றிருந்தார். கண் மூடியிருந்தது. நான் வந்ததை அவர் அறியவில்லை. அவர் உயரத்துக்கு, கையை இயல்பாக வைத்தால் கோட்டுக்கு ரொம்ப மேலே படும். அவர் முதுகை வளைத்து, அவளுடைய கோட்டின் மேலேயே உள்ளங்கையைப் பதித்து, மெல்ல மெல்ல நடந்தார். வராந்தாவின் கோடியில் அவர் கை கதவைத் தொட்டது, தள்ளினார். கதவு திறந்து கடற்காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“வந்தியா மக்கா? அவளுக்க கோடு ரொம்பத் தாழ கெடக்கு. குனிஞ்சு நடந்து நடந்து முதுகு வலிக்கு.”