மூன்று பேர் மட்டும்

தெருவில் உள்ள அத்தனை சட்டைகளையும் மடிப்புக் கலையாமல் அனுப்பிவைக்கிற இஸ்திரிக்காரம்மாவின் சேலை மட்டும் எப்போதும் கசங்கியே இருக்கும். கேட்டால், "என்னை யாரு பார்க்கப்போறா?" என்று சிரிப்பாள். தள்ளுவண்டிக்குப் பின்னாலேயே ஒற்றை அறை வீடு. அதில் அவள், மூட்டை தூக்கும் கணவன், காலேஜ் போகும் மகள், இழுப்புக்கார மாமனார்.

போன மழையில் மாமனார் ஆஸ்பத்திரியில் படுத்ததில் வீடே ஆட்டம் கண்டுவிட்டது. அதனால்தான் தன்னிடம் துணி போடும் இன்சூரன்ஸ்காரரிடம் மருத்துவக் காப்பீடு பற்றிக் கேட்டாள்.

"உங்க காசுக்கு மூணு பேரைத்தான் போட முடியும்க்கா. பெரியவருக்கு வயசு, நோய் வேற. அவருக்குக் கூட ஆகும்."

"நோயாளிக்குத்தானே இது வேணும்? அவருக்கே விலை கூடன்னா என்ன நியாயம் தம்பி?"

"கம்பெனி ரூல்க்கா, நான் என்ன பண்றது!"

ரூல் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யார் பேச முடியும்? அவள் குரலைத் தாழ்த்தினாள். "அப்ப என் பேரை விட்டுடுங்க. வீட்டுல மூச்சு விடாதீங்க."

அடுத்த வாரம் அவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். வீட்டில் எல்லோரும் இருந்தார்கள்.

"அக்கா, நீங்க உங்க பேரை எடுக்கச் சொன்னீங்க. மறுநாள் உங்க வீட்டுக்காரர் வந்து அவர் பேரை எடுக்கச் சொன்னார். பொண்ணு போன் பண்ணி தன் பேரை அடிக்கச் சொல்லுது. நேத்து பெரியவர் மூச்சு வாங்க என் ஆபீஸ் மாடியேறி வந்து அதையேதான் சொன்னார். எல்லாரும் ரகசியம்னு சத்தியம் வேற வாங்கிட்டீங்க. இப்ப காலி வீட்டுக்குத்தான் நான் இன்சூரன்ஸ் போடணும்!"

யார் யாரைத் திட்டுகிறார்கள் என்றே தெரியவில்லை.

"இழுப்பை வெச்சுக்கிட்டு உங்களை யாரு மாமா மாடியேறச் சொன்னது?"

"நீ மட்டும் என்னம்மா, பெட்டிச் சூட்டுல நின்னு நின்னு இரும்பாயிட்டியா?"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது எல்லோரையும் தொற்றிக்கொண்டது. இஸ்திரிக்காரம்மா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தனக்காகத் தங்களை விட்டுக்கொடுக்க மூன்று பேர் இருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

பிறகு இன்சூரன்ஸ்காரரின் சட்டை ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நாலு பேரையும் போடுங்க தம்பி. மாசாமாசம் கட்டிடறேன். ஆனா இனிமே இஸ்திரிக்கு ரேட்டு கூட."

"திடீர்னு ஏன்க்கா?"

"உங்க சட்டைக்கு வயசாயிடுச்சு. காலர்ல நோய் வேற. கடை ரூல் தம்பி, நான் என்ன பண்றது!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கூடக் கொடுக்கவும் செய்தார். பல வருஷமாக ஏறாத ரேட்டு என்பதால் தெருவும் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டது. மாதக் கடைசியில் கழுத்தைப் பிடிக்கத்தான் செய்யும். பிடிக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

காப்பீட்டு அட்டைக்கு நாலு பேரும் போட்டோ எடுக்க வேண்டும். கிளம்பும் நேரத்தில் அவளுடைய நல்ல சேலையைக் காணோம். வெளியே எட்டிப் பார்த்தால், மாமனார் அதைத் தள்ளுவண்டியில் விரித்துப் போட்டு, பெட்டியைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். மடிப்பெல்லாம் ஒரே கோணல். அவள் அதையே உடுத்திக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள்.