அண்ணனின் வலைப்பூவில் அண்ணி பேசியது

என் அண்ணன் கோர்ட்டில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சிக் கூண்டில் நிற்பவர், "பளார்னு விட்டான் சார், கண்ணுல பூச்சி பறந்துச்சு" என்பார். அண்ணன் விரலிலிருந்து அது, "எதிரி என்னைக் கையால் தாக்கினார்" என்று இறங்கும். அதற்குத்தான் சம்பளம், குறை சொல்ல முடியாது. வேலையை விட்டு வந்த பிறகும் அந்த விரல் அடங்கவில்லை என்பதுதான் எங்கள் வீட்டுக் கதை.

ஓய்வு பெற்ற கையோடு ஒரு வலைப்பூ ஆரம்பித்தார். நம் தெருவிலேயே எத்தனை விதமான பேச்சு, எத்தனை வீட்டுப் பாஷை, எல்லாம் எழுத்தில் வரவேண்டும், பெரிய ஆட்கள் மட்டும் பேசினால் போதுமா என்று என்னிடம் முழங்கினார். நல்ல காரியம்தான், மனதாரச் சொல்கிறேன். அடுக்குமாடி வாட்ச்மேன் வந்தார், மருந்துக்கடைக்காரர் வந்தார், கண்டக்டர் அம்மா ஒருவர் ஷிப்ட் முடிந்து தோளில் பையோடு அப்படியே வந்தார். முன்னறையில் உட்காரவைத்து, டீ கொடுத்து, ஃபோனை மேஜையில் வைத்துப் பேசவிடுவார். அவர்கள் போனதும் தட்டச்சு செய்வார். முடித்ததும் ஒலிப்பதிவை அழித்துவிடுவார். ஃபோனில் இடமில்லை என்பது ஒரு காரணம். பிரதி தயாரானதும் குறிப்பைக் கிழித்துப் போடுவது அவருடைய ஆபீஸ் பழக்கம் என்பது இன்னொன்று.

வலைப்பூவைப் படித்தால் வாட்ச்மேனும் கண்டக்டர் அம்மாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் போலிருப்பார்கள். வாட்ச்மேன் தன் மலைப்பக்கத்துப் பேச்சில் சொல்லச் சொல்ல நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். பதிவில் அவர், "பணியின்போது பல்வேறு அனுபவங்களைப் பெற்றேன்" என்றார். எல்லாவற்றையும் ஒரே ஆள்தானே எழுதுகிறீர்கள் என்று ஒரு வாசகர் கருத்துப் போட்டார். அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்தக் கருத்தை நீக்கிவிட்டார்.

பிறகு அண்ணியின் முறை வந்தது.

அண்ணியின் தாய்மொழி வேறு. எழுத்தில்லாத மொழி, பேசுகிறவர்களும் கொஞ்சப் பேர்தான். கல்யாணமாகி வந்துதான் தமிழ் கற்றுக்கொண்டார். அவர் தமிழில் மழைக்கும் காய்ச்சலுக்கும் மரியாதை உண்டு. "மழை வர்றாங்க, துணிய எடுங்க" என்பார். பேச்சு சூடுபிடித்தால் பாதியில் தன் மொழிக்குத் தாவி, எதிரே இருப்பவர் முழிப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பி வருவார். அண்ணி இருக்கும் இடம் கலகலப்பாக இருக்கும். எங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டும் அப்படி இருந்தார் என்பது பெரிய விஷயம்.

அன்று அவர் பேசியது இந்த வீட்டுக்கு வந்த புதிதைப் பற்றி. தன் மொழியில் பேச ஆளில்லாமல், மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த பிறகு தையல் மெஷினோடு பேசிக்கொண்டிருப்பாராம். மெஷின் நன்றாகக் கேட்கும், குறுக்கே பேசாது, நூல் அறுந்தால் மட்டும் கோபித்துக்கொள்ளும் என்றார். அந்தப் பேச்சை அப்படியே தன் மொழியில் பேசியும் காட்டினார். சிரித்துக்கொண்டு ஆரம்பித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முடித்தார். இத்தனை வருஷம் கூட இருந்தும் எனக்கு இது தெரியாது.

மறுநாள் சாப்பிடும்போது அண்ணன் பதிவை வாசித்தார். "திருமணத்திற்குப் பின் புதிய மொழிச் சூழலில் தனிமையை உணர்ந்தேன். தையல் கலை எனக்கு ஆறுதல் அளித்தது." அண்ணி சோற்றைப் பிசைந்த கையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது யாரு சொன்னது?"

"நீதான். வேற யாரு?"

"நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அண்ணி திருந்திவிட்டார். வாயைத் திறக்கும் முன் யோசித்தார். பிறகு அளந்து, அண்ணன் பேசுவது போலவே பேசினார். வீட்டில் கலகலப்பு போயே போய்விட்டது. அந்தப் பதிவுக்குப் பாராட்டு குவிந்துகொண்டிருந்ததால் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை, வித்தியாசமும் தெரியவில்லை. நான் எடுத்துச் சொன்னேன். பொறாமை என்றார்.

தொலைவில் வேலை பார்க்கும் அவர் மகள் பதிவைப் படித்துவிட்டு ஃபோன் செய்தாள். அவள் குழந்தை அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தது.

"அம்மா பாஷை எனக்குத்தான் வராமப் போச்சுப்பா. ஸ்கூல்ல குழம்பிடுவேன்னு நீங்க பேச விடல. என் பொண்ணாவது காதால கேக்கட்டும். அந்த ரெக்கார்டிங்கை அப்படியே அனுப்புங்க."

அண்ணன் ஃபோனைக் குடைந்தார். பிறகு ரிப்பேர் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினார். அழித்த இடத்தில் வேறு என்னென்னவோ ஏறிவிட்டது, இனிமேல் எடுக்க வராது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் முன்னறையில் உட்கார்ந்தார்.

"எத்தனை பேரு வந்து பேசினாங்க. ஒருத்தர் குரல்கூட என்கிட்ட இல்லடா," என்றார்.

கிண்டல் செய்ய என் நாக்கு எழவில்லை. பாவமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணியைக் கூப்பிட்டு, வந்தவர்களை உட்காரவைக்கும் நாற்காலியில் உட்காரவைத்தார். மகள் கேட்டதைச் சொன்னார். ஃபோனை எதிரே வைத்தார்.

"அன்னைக்கு மெஷின்கிட்ட பேசிக் காட்டினியே, அதே மாதிரி பேசும்மா. உன் பாஷையிலயே பேசு. நான் ஒரு எழுத்துகூடத் தொடமாட்டேன்." அண்ணன் கெஞ்சி நான் பார்த்தது அன்றுதான்.

பேத்திக்கு என்றதும் அண்ணியின் முகம் மலர்ந்தது. ஆசையாகத்தான் வாயைத் திறந்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார், ஃபோனைப் பார்த்தார். வார்த்தை வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முயன்றார். பிறகு கோபமில்லாமல், குத்தலில்லாமல், உதவி செய்கிற குரலில் சொன்னார்.

"வரமாட்டேங்குதுங்க. என்ன சொல்லணும்னு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. தப்பில்லாம படிச்சிடறேன்."